குறையே இல்லாத வீடியோ கேம் என்று ஒன்று உண்டா?

"எந்த வீடியோ கேமையாவது குறையே இல்லாதது என்று சொல்ல முடியுமா?" என்று கேட்டால் ஆளுக்கொரு கேமின் பெயர் பதிலாக வரும். அது கேமைவிட, சொல்பவரின் ரசனையைப் பற்றித்தான் நமக்குச் சொல்கிறது. குறை இருக்கிறதா என்பதைத் தனியாகச் சோதிக்க வழிகள் உண்டு. சோதித்தால் கிடைக்கும் விடை இதுதான்: கணினியில் ஓடும் நிரல் என்று பார்த்தால் குறையற்ற கேம் எதுவுமில்லை. விதிகளின் தொகுப்பு என்று பார்த்தால் மிகச் சில கேம்கள் அந்த நிலையை நெருங்குகின்றன, மேலிருந்து விழும் கட்டைகளை அடுக்கி, நிரம்பும் வரிசைகளை அழிக்கும் டெட்ரிஸ் அவற்றில் முதலாவது. ஆனால் டெட்ரிஸைக் கூர்ந்து பார்த்தால், அதன் உயிரே ஒரு பொருந்தாமையில்தான் இருக்கிறது.

முதலில் மதிப்பெண் விஷயத்தை முடித்துவிடலாம். இந்தப் பேச்சு வந்தாலே முன்வைக்கப்படும் பெயர், 1998-இல் நின்டென்டோ 64-க்கு வந்த 'தி லெஜண்ட் ஆஃப் செல்டா: ஆக்கரினா ஆஃப் டைம்'. ஜப்பானின் ஃபாமிட்சு இதழில் நான்கு விமர்சகர்கள் தலா 10 மதிப்பெண் போடுவார்கள். அங்கே முதன்முதலாக 40-க்கு 40 வாங்கிய கேம் அது. பல விமர்சனங்களைச் சேர்த்துச் சராசரி எடுக்கும் மெட்டாகிரிட்டிக் தொகுப்பில் அதற்கு 100-க்கு 99. எதிரியின் மேல் பார்வையைப் பூட்டிக்கொண்டு சுற்றிவந்து சண்டையிடும் முறையை முப்பரிமாணத்தில் ஒழுங்காகச் செய்து காட்டியது அதுதான். பின்னால் வந்த எத்தனையோ கேம்கள் அதை அப்படியே எடுத்துக்கொண்டன.

அதே கேமில் நீர்க் கோயில் என்ற கட்டத்தை ஆடியவர்களைக் கேட்டுப் பாருங்கள். தண்ணீரில் மூழ்க இரும்புக் காலணி போட வேண்டும், மேலே வரக் கழற்ற வேண்டும். ஒவ்வொரு முறையும் கேமை நிறுத்தி, மெனுவைத் திறந்து, பக்கம் புரட்டி, காலணியை மாற்றி, மெனுவை மூட வேண்டும். அந்தக் கோயிலில் இதைப் பல டஜன் தடவை செய்ய நேரிடும். புதிர் கடினமாக இருப்பது குறையாகாது, புதிருக்கும் கைக்கும் நடுவே மெனு வந்து நிற்பதுதான் குறை. போதாக்குறைக்கு அந்தக் கேம் விநாடிக்கு 20 ஃபிரேம்களில், அதாவது 20 படங்களில்தான் ஓடியது. 2011-இல் 3டிஎஸ் கருவிக்கு மறுபதிப்பு செய்தபோது காலணியை ஒரே தொடுதலில் மாற்றும்படி வைத்தார்கள், நீர்மட்டத்தை மாற்றும் இடங்களுக்கு வழிகாட்ட வண்ணக் கோடுகள் போட்டார்கள், ஓட்டத்தையும் 30 ஃபிரேமுக்கு உயர்த்தினார்கள். 40-க்கு 40 வாங்கிய கேமில் திருத்த இவ்வளவு இருந்தது. வெளியான நாளில் ஒரு கேம் எதிர்பார்ப்பை எவ்வளவு தாண்டியது என்பதைத்தான் முழு மதிப்பெண் சொல்கிறது. அதற்கு மேல் அதில் எதையும் படிக்க வேண்டாம்.

இனி நிரல். 1980-இன் பேக்-மேனை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரே புதிர்ப்பாதை, நான்கு பேய்கள், 240 சிறு புள்ளிகள், 4 பெரிய புள்ளிகள். இவ்வளவு சிறிய கேமில் தவறு எங்கே ஒளிந்திருக்கும்? லெவல் எண்ணை ஒரே பைட்டில் வைத்திருக்கிறார்கள். ஒரு பைட்டில் 0 முதல் 255 வரைதான் அடங்கும். 256-ஆம் லெவலில், திரையின் கீழே பழப்படங்களை வரையும் பகுதியின் கணக்கு நிரம்பி 0-க்குத் திரும்பிவிடுகிறது. 7 பழங்களோடு நிற்க வேண்டிய அது 256 பழங்களை வரையப் போகிறது, திரையின் வலப் பாதி முழுக்க எழுத்துக் குப்பையாகிறது. லெவலை முடிக்கத் தின்ன வேண்டிய புள்ளிகள் கிடைக்காததால் அதைத் தாண்ட முடியாது. பேக்-மேனில் எட்டக்கூடிய முழு ஸ்கோர் 33,33,360 என்று துல்லியமாகச் சொல்ல முடிவதற்கே இந்தத் தவறுதான் காரணம். இது இல்லாவிட்டால் ஸ்கோருக்கு எல்லையே இருக்காது.

1981-இன் டாங்கி காங்கிலும் இதே நோய். ஒவ்வொரு லெவலுக்கும் நேரத்தைக் கணக்கிட, லெவல் எண்ணோடு 4 கூட்டி 10-ஆல் பெருக்குகிறது. 22-ஆம் லெவலில் விடை 260. 256 போகப் பைட்டில் மிஞ்சுவது 4. சில விநாடிகளில் நேரம் தீர்ந்து மாரியோ செத்து விழுகிறார், எவ்வளவு திறமையாக ஆடினாலும்.

கவனமாக எழுதினால் தவிர்க்கலாமே என்று தோன்றும். இந்தக் குறிப்பிட்ட தவறுகளைத் தவிர்க்கலாம்தான். எல்லாத் தவறுகளையும் தவிர்க்க முடியாததற்குக் காரணம் எளிய பெருக்கல் கணக்கு. ஒரு கேமில் 'ஆம், இல்லை' என்று இரண்டு நிலை கொண்ட 20 விஷயங்கள் மட்டுமே இருப்பதாக வைத்துக்கொள்வோம்: இந்தக் கதவு திறந்ததா, அந்தச் சாவி எடுத்ததா, இவரிடம் பேசியதா என்பவை போல. அவை சேரும் விதங்கள் 10,48,576. ஒவ்வொன்றையும் ஒரு விநாடியில் சோதித்தால் 12 நாளில் முடிந்துவிடும். அந்த 20-ஐ 30 ஆக்கினால் 34 ஆண்டுகள் ஆகும். பெரிய திறந்தவெளி கேம்களில் இப்படிப்பட்டவை ஆயிரக்கணக்கில் இருக்கும், அவற்றோடு இயற்பியல் கணக்குகளும் சேரும். வெளியான கேமைத் திருத்தும் பேட்ச் மேல் பேட்ச் வந்துகொண்டே இருப்பதற்குச் சோம்பேறித்தனம் மட்டுமே காரணம் என்று நினைப்பது நியாயமில்லை.

சரி, பக் எனப்படும் நிரல் தவறுகள் எல்லாவற்றையும் நீக்கிவிட்டால் கேம் முழுமை பெற்றுவிடுமா? பல சமயம் கெட்டுப்போகும். 1978-இன் ஸ்பேஸ் இன்வேடர்ஸில் 11-க்கு 5 என்று 55 வேற்றுலகத்தார் அணிவகுப்பார்கள். அந்தக் காலக் கணினிச் சில்லால் அத்தனை பேரையும் ஒரே நேரத்தில் நகர்த்த முடியவில்லை. விநாடியில் அறுபதில் ஒரு பங்குக்கு ஒருவர் வீதம்தான் நகர்த்தியது. ஆகவே 55 பேரும் இருக்கும்போது அணி ஊர்கிறது. சுட்டு வீழ்த்த வீழ்த்த, மிஞ்சியவர்களின் முறை சீக்கிரம் வருவதால் வேகம் ஏறுகிறது, கடைசி ஒருவன் தறிகெட்டு ஓடுகிறான். வடிவமைத்த நிஷிகாடோ இதைக் கண்டபின் திருத்தாமல் விட்டுவைத்தார். ஜெயிக்க ஜெயிக்கக் கடினமாகும் கேம் என்ற வழக்கம் அந்தச் சில்லின் இயலாமையிலிருந்து வந்தது.

1996-இன் சூப்பர் மாரியோ 64-இல் முன்னோக்கிப் பாயும் வேகத்துக்கு உச்ச வரம்பு உண்டு, பின்னோக்கிய வேகத்துக்கு வைக்க மறந்துவிட்டார்கள். படிக்கட்டில் பின்புறமாக நீளத் தாவி, குதிக்கும் பொத்தானை விடாமல் தட்டினால் வேகம் கூடிக்கொண்டே போகும், மாரியோ கதவுகளை ஊடுருவுவார். 1997-இல் ஜப்பானில் வந்த திருத்திய பதிப்பில் இதை அடைத்தார்கள். கேமில் சேகரிக்கும் நட்சத்திரங்கள் குறைவாக இருக்கும்போதே விரைவாக முடிக்கும் ஸ்பீட்ரன்னர்கள் இன்றும் தேடிப் போவது திருத்தாத பதிப்பைத்தான். பக் குறைந்த பதிப்பு அவர்களுக்கு ஏழ்மையான பதிப்பு.

ஸ்டார்கிராஃப்ட் இதைவிட அழுத்தமான சான்று. 1998-இல் வந்த அந்தப் போர்க் கேமில் ஒரே நேரத்தில் 12 வீரர்களைத்தான் தேர்ந்தெடுக்க முடியும். டிராகூன் என்ற வகை வீரர்களுக்கு வழி தெரியாது, சரிவுப் பாதையில் ஒன்றையொன்று மோதிக்கொண்டு திணறும். 2001-இன் 1.08 பேட்சுக்குப் பிறகு மூன்று இனங்களின் பலத்தைச் சமன்செய்யும் மாற்றம் எதுவும் வரவில்லை. அதன்பின் சமநிலையைக் காத்தது போர்க்கள வரைபடங்களை அமைத்தவர்கள்தான். 2017-இல் படங்களை மெருகேற்றிப் புதுப்பித்தபோதும் 12 என்ற வரம்பையும் டிராகூன்களின் தடுமாற்றத்தையும் தொடவில்லை. தொட்டிருந்தால், படையை ஒரே கணத்தில் பிரித்து ஓட்டும் கைத்திறன் வீணாகிப் போட்டியே வேறாகியிருக்கும். அந்தக் குறைகளின் மேல்தான் பல ஆண்டுத் திறமை கட்டப்பட்டிருந்தது.

ஆக, குறையை எண்ணிப் பயனில்லை. எடுத்துக்கொண்ட வேலைக்கு இந்த விதிகள் பொருத்தமா, ஒன்றை மாற்றினால் மேம்படுமா கெடுமா என்பதே கேட்க வேண்டிய கேள்வி. இந்தக் கேள்விக்கு மிக நன்றாக ஈடுகொடுப்பது டெட்ரிஸ்.

1984-இல் மாஸ்கோவில் அலெக்ஸி பஜித்னோவ் அதை எலெக்ட்ரோனிகா 60 கணினியில் எழுதினார். அந்தக் கணினியில் படம் வரையும் வசதியே கிடையாது, கட்டைகளை எழுத்துக்குறிகளால்தான் காட்ட முடிந்தது. அவருக்குத் தூண்டுதல், ஐந்து சதுரங்கள் சேர்ந்த கட்டைகளைப் பெட்டிக்குள் அடுக்கும் புதிர். அந்தக் கட்டைகள் 12. திரையில் திருப்பிப் போட முடியாது, சுழற்ற மட்டுமே முடியும் என்பதால் 18 ஆகிவிடும். அது கையாளக் கடினம். மூன்று சதுரம் என்றால் 2 வடிவங்கள்தான், சீக்கிரம் சலித்துவிடும். நான்கு சதுரம் என்றால் 7. கண்டவுடன் அடையாளம் தெரியும், அடுக்கத் தொடங்கினால் தலை சுற்றும். கூட்டினாலும் குறைத்தாலும் கெடும் எண் இது.

அந்த ஏழும் ஒன்றோடொன்று முழுமையாகப் பொருந்தாதவை. ஏழையும் ஒருமுறை வைத்தால் 28 சதுரம். அதை 4-க்கு 7 செவ்வகமாக இடைவெளியின்றி அடுக்கவே முடியாது. காரணம் எளிது. செவ்வகத்துக்குச் சதுரங்கப் பலகைபோல் கறுப்பு வெள்ளை பூசுங்கள்: 14 கறுப்பு, 14 வெள்ளை. டி வடிவம் தவிர மற்ற ஆறும் எங்கே வைத்தாலும் 2 கறுப்பு 2 வெள்ளையை மூடும். டி மட்டும் 3-க்கு 1. கணக்கு 15-க்கு 13 ஆகிவிடும், இடிக்கும். டெட்ரிஸில் சுவர் எப்போதும் கொஞ்சம் கோணலாகவே எழுவதற்கு இந்த டி வடிவம் ஒரு காரணம். எஸ், இசட் வடிவங்கள் இன்னொரு காரணம். எஸ்ஸும் இசட்டும் மாறி மாறி வந்துகொண்டே இருந்தால், எப்படிப்பட்ட ஆட்டக்காரரும் 70,000 கட்டைகளுக்குள் தோற்றே தீர்வார் என்று 1997-இல் ஹைடி பர்கீல் என்ற கணிதவியலாளர் நிறுவினார். கட்டைகள் உண்மையிலேயே கண்டபடி வந்தால் அப்படியொரு வரிசை என்றாவது வரும். கொள்கையளவில் முடிவில்லாமல் ஆடுவதே இயலாது.

இதன் மேல் ஆசையைச் சேர்க்கிறது ஸ்கோர் முறை. 1989-இல் நின்டென்டோவின் என்.இ.எஸ். கருவிக்கு வந்த பதிப்பில் ஒரு வரிசையை அழித்தால் 40, இரண்டுக்கு 100, மூன்றுக்கு 300, நான்கையும் ஒரே அடியில் அழித்தால் 1200. லெவல் ஏற ஏற இவை பெருகும். தனித்தனியாக நான்கு அழித்தால் 160தான். 1200 வேண்டுமென்றால் ஓர் ஓரத்தை வெறுமையாக விட்டுச் சுவரை உயர்த்தி, நீளக் கட்டைக்குக் காத்திருக்க வேண்டும். உயர உயர ஆபத்து. எப்போது பேராசையை விட வேண்டும் என்ற முடிவை விளக்கமோ கதையோ இல்லாமல் ஒவ்வொரு சில விநாடிக்கும் ஆடுபவர் கையில் கொடுக்கிறது. இதைவிடச் சிக்கனமான வடிவமைப்பு வீடியோ கேமில் எனக்குத் தெரிந்து இல்லை.

ஆனால் எந்த டெட்ரிஸ்? இங்கேதான் சிக்கல். என்.இ.எஸ். பதிப்பு அடுத்த கட்டையை ஏறக்குறையக் குலுக்கல் முறையில் எடுக்கிறது. முந்தையதே மறுபடி வந்தால் இன்னொரு முறை குலுக்கும், அவ்வளவுதான். ஆகவே நீளக் கட்டை நெடுநேரம் வராமலே போகலாம். ஆடுபவர்கள் இதைப் பஞ்சம் என்றே சொல்வார்கள். தவறே செய்யாமல் பஞ்சத்தில் சாகலாம், அது அநீதி. இன்றைய பதிப்புகள் ஏழையும் ஒரு பையில் போட்டுக் குலுக்கி, பை காலியானதும் அடுத்த பையைத் திறக்கின்றன. இரண்டு நீளக் கட்டைகளுக்கு நடுவே அதிகபட்சம் 12 கட்டைகள்தான் வர முடியும். நியாயம் வந்துவிட்டது. கூடவே ஒரு கட்டையை ஒதுக்கிவைக்கும் வசதி, அடுத்து வருபவற்றை முன்கூட்டிக் காட்டும் வசதி எல்லாம் சேர்ந்தன. 2001-இல் வந்த டெட்ரிஸ் வேர்ல்ட்ஸில் கட்டையைச் சுழற்றிக்கொண்டே இருந்தால் அது படியாமல் எவ்வளவு நேரமும் நிற்கும். அநீதி போன இடத்தில் அச்சமும் போய்விட்டது. நியாயம், அச்சம் இரண்டுமே கேமுக்கு வேண்டியவை, ஒன்றைக் கூட்டினால் மற்றது குறைகிறது. எல்லாரும் ஒப்புக்கொள்ளும் அளவு என்று ஒன்று இதில் கிடையாது. எனக்குப் பை முறையே மேல், ஆனால் கட்டை படியும் நேரத்துக்குக் கண்டிப்பான வரம்பு இருக்க வேண்டும்.

என்.இ.எஸ். பதிப்பில் 29-ஆம் லெவலிலிருந்து ஒரு ஃபிரேமுக்கு ஒரு வரிசை வீதம் கட்டை விழும். 20 வரிசையும் மூன்றில் ஒரு விநாடியில் தீர்ந்துவிடும். பொத்தானை அழுத்திப் பிடித்தால் 16 ஃபிரேம் கழித்துத்தான் நகர்வு தொடரும், பிறகு 6 ஃபிரேமுக்கு ஒரு கட்டம். ஓரத்துக்குப் போய்ச்சேரவே நேரமிருக்காது. அதுதான் முடிவு என்று நெடுங்காலம் எண்ணியிருந்தார்கள். பிறகு கன்ட்ரோலரின் பின்புறத்தைப் பல விரல்களால் தாளம்போல் தட்டி, முன்புறப் பொத்தானை அதிவேகமாக அழுத்த வைக்கும் முறை வந்தது. 2023 டிசம்பரில் 13 வயதுச் சிறுவன் ஒருவன் 157-ஆம் லெவல் வரை போனான். அங்கே நிரலே தாங்காமல் உறைந்து நின்றது. விதிகள் தாக்குப்பிடித்தன, நிரல் தோற்றது.

ஒரு கேமின் கைப்பழக்கம், அதாவது பொத்தானை அழுத்தினால் திரையில் நடப்பது, தனிக் கதை. இதில் துல்லியமாக நடந்துகொள்ளும் நிரல் மோசமாகத் தோன்றும். 2018-இல் வந்த, தாவிக் குதித்து ஏறும் கேமான செலஸ்டியில் விளிம்பைத் தாண்டிக் காலடியில் எதுவுமில்லாமல் போன பிறகும் 0.1 விநாடி, அதாவது 6 ஃபிரேம் வரை குதிக்கலாம். மேலே தாவும்போது தலை ஒரு மூலையில் இடித்தால், 4 பிக்சலுக்குள் இருந்தால் ஆளைத் தானாக ஒதுக்கி மேலே அனுப்பும். தரையைத் தொடுவதற்குச் சற்று முன்பே அழுத்தினாலும் நினைவில் வைத்துக்கொள்ளும். இவற்றை எடுத்துவிட்டால் கணக்குச் சரியாக இருக்கும், ஆடுபவர் மட்டும் "நான் அழுத்தினேனே!" என்று கத்துவார். மனிதக் கண்ணும் கையும் தாமதிக்கும் அளவைக் கேம் தன் பங்காக ஏற்றுக்கொள்கிறது. விதிகள் மிகக் கண்டிப்பாக இருந்தும் அது நியாயமாகத் தோன்றுவது இதனால்தான்.

உங்களுக்குப் பிடித்த கேமின் தாமதத்தை வீட்டிலேயே அளக்கலாம். போனின் ஸ்லோ மோஷனை விநாடிக்கு 240 ஃபிரேமில் வையுங்கள், ஒரு ஃபிரேம் 4.17 மில்லி விநாடி. விரலும் திரையும் ஒரே காட்சியில் தெரிய வேண்டும். டிவியில் கேம் மோடைப் போட்டு, கன்ட்ரோலரை வயரில் இணைத்து, குதிக்கும் பொத்தானை அழுத்துங்கள். பொத்தான் முழுதாக அமுங்கிய ஃபிரேமிலிருந்து பாத்திரம் முதன்முதலில் அசையும் ஃபிரேம் வரை எண்ணுங்கள். 24 ஃபிரேம் வந்தால் 100 மில்லி விநாடி. ஒருமுறை மட்டும் அளந்தால் தப்பாகும்: அழுத்திய கணம் கேமின் ஒரு ஃபிரேமுக்குள் எங்கே விழுந்தது என்பதைப் பொறுத்தே 16 மில்லி விநாடிவரை மாறும். 10 முறை அளந்து சராசரி எடுங்கள். திரை மேலிருந்து கீழாக வரையப்படுவதால், ஒவ்வொரு முறையும் பாத்திரம் திரையில் ஒரே உயரத்தில் இருக்க வேண்டும். வரும் எண்ணில் டிவியின் தாமதமும் கலந்திருக்கும். அதே டிவியில் இரண்டு கேம்களை அளந்து ஒப்பிட்டால் மட்டுமே வித்தியாசம் கேமுடையது என்று சொல்லலாம்.

மற்ற சோதனைகளுக்குக் கருவி வேண்டாம். அந்தக் கேம் என்ன தருவதாகச் சொல்கிறது என்பதை ஒரே வாக்கியத்தில் எழுதுங்கள். எழுத முடியவில்லை என்றால், அதைக் குறையற்றது என்று அளக்க அளவுகோலே இல்லை என்று பொருள். பிறகு அதிலுள்ள அமைப்புகளை ஒவ்வொன்றாக மனத்தில் நீக்கிப் பாருங்கள்: பொருள் சேகரிப்பு, அனுபவப் புள்ளி, வரைபடக் குறிகள். நீக்கியும் அந்த வாக்கியம் நிற்கிறது என்றால் அது சதை, உறுப்பு இல்லை. அடுத்து, தோற்ற ஒவ்வொரு தடவையும் காரணத்தை உடனே சொல்ல முடிகிறதா என்று குறித்துவையுங்கள். பத்தில் மூன்று தடவை "ஏன் செத்தேன்?" என்று தெரியாவிட்டால், பழுது ஒன்று கேமராவில் இருக்கும், இல்லை எதிரி தாக்கப்போவதைக் காட்டும் அசைவில் இருக்கும். செத்ததற்கும் மறுபடி ஆடத் தொடங்குவதற்கும் நடுவே எத்தனை விநாடி என்பதையும் எண்ணுங்கள். கடினமான கேமில் இந்த இடைவெளி நீண்டால், அந்தக் கடினமே தண்டனையாக மாறிவிடும்.

இரண்டாம் முறை ஆடினால் நிற்கிறதா என்பது கடைசிச் சோதனை. இதில் டெட்ரிஸ் எளிதாகத் தேறும். ஆனால் 2019-இன் அவுட்டர் வைல்ட்ஸ் இதில் முற்றிலும் தோற்றுவிடும், இருந்தும் அதைக் குறையுள்ள கேம் என்று சொல்ல மனம் வராது. சுமார் 22 நிமிடத்துக்கு ஒருமுறை எல்லாம் தொடங்கிய இடத்துக்கே திரும்பும் ஒரு சிறு சூரியக் குடும்பம். அதில் சேகரிக்கும் ஆயுதமோ ஏறும் பலமோ கிடையாது. ஒரு சுற்றிலிருந்து அடுத்த சுற்றுக்கு எடுத்துப் போவது தெரிந்துகொண்ட செய்தியை மட்டுமே. வழி தெரிந்தவர் ஒரே சுற்றுக்குள் முடிவைத் தொட்டுவிடலாம், தெரியாதவருக்குப் பல நாட்கள் ஆகும். அறிவே சாவி என்ற வாக்கியத்தை அது எழுத்துக்கு எழுத்து நிறைவேற்றுகிறது. அதனாலேயே ஒருமுறைதான் அதை ஆட முடியும். முடித்தவர்களில் பலர் அதை மறுபடி ஆடுவதில்லை, முதன்முறை ஆடும் வேறொருவர் பக்கத்தில் உட்கார்ந்து, விடையைச் சொல்லாமல் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.